இரண்டு காலிக் கட்டங்கள் ஒன்றா, வேறா?

வருமான வரிப் பிடித்தக் கணக்கைக் காலாண்டுதோறும் தாக்கல் செய்கிறவர்களுக்கு மூன்று குறிச்சொற்கள் மனப்பாடமாக இருக்கும். பணம் பெற்றவரிடம் பான் எண் இல்லை என்றால் ஒரு சொல், விண்ணப்பித்துக் காத்திருக்கிறார் என்றால் இன்னொரு சொல், கொடுத்த எண் செல்லாதது என்றால் மூன்றாவது சொல். 'பான் நாட் அவைலபிள்' என்பதன் சுருக்கம், 'பான் அப்ளைடு', 'பான் இன்வேலிட்'. ஆங்கிலத்தில் இந்த மூன்றும் சரியாகப் பத்துப் பத்து எழுத்து. பான் எண்ணுக்குப் பத்து எழுத்து என்பதால் கட்டமும் அந்த அளவுக்கே அமைந்தது. இல்லாததைச் சொல்வதற்கும் அதே பத்து எழுத்துக்குள் வார்த்தை தேட வேண்டியிருந்தது.

இந்தக் கட்டத்தை அப்படியே ஒரு தரவுத்தளத்துக்குக் கொண்டு போய், "ஒரே பான் எண் இரண்டு பேருக்கு வரக் கூடாது" என்று யுனிக் கட்டுப்பாடு போட்டுப் பாருங்கள். பான் இல்லாத முதல் ஆள் உள்ளே வந்துவிடுவார். இரண்டாவது ஆளை வாசலிலேயே நிறுத்திவிடும். சரி, குறிச்சொல்லே வேண்டாம், கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடலாம் என்றால் உள்ளே வருவாரா, மாட்டாரா? எந்தத் தரவுத்தளத்தை வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறும். ஐம்பது வருடத்தைத் தாண்டிவிட்ட தொழில்நுட்பத்தில் இவ்வளவு அடிப்படையான கேள்விக்கு இன்னும் ஒரே பதில் கிடையாது. ஒவ்வொரு தரவுத்தளப் பாணியும் தன் பதிலே சரி என்று இருக்கிறது.

காலிக் கட்டத்துக்குத் தொழிலில் 'நல்' என்று பெயர். தமிழ் எழுத்தில் எழுதினால் நல்லது போலத் தோன்றும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இதற்கு வித்திட்டவர் ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட். அட்டவணைத் தரவுத்தளங்களைப் பற்றி 1970இல் அவர் எழுதிய மூலக் கட்டுரையில் இந்தத் தொல்லை இல்லை. 1979இல் எழுதிய கட்டுரையில்தான் நல்லுக்கு முறையான இடம் கொடுத்தார். உண்மை, பொய் ஆகியவற்றோடு 'தெரியாது' என்ற மூன்றாவது விடையும் தர்க்கத்தில் சேர்ந்தது. 1985இல் வெளியிட்ட புகழ்பெற்ற விதிகளில் மூன்றாவது விதி இதைப் பற்றியதே. 1990இல் வந்த புத்தகத்தில் இன்னும் ஒரு படி போய், இருக்கிறது ஆனால் தெரியவில்லை என்பதற்கு ஒரு குறி, பொருந்தவே பொருந்தாது என்பதற்கு வேறொரு குறி என்று இரண்டாகப் பிரித்தார். அதற்கும் முன்பே, 1975இல், அமெரிக்கத் தர நிறுவனமான ஆன்சியின் ஆய்வுக் குழு ஒன்று 'இல்லை' என்பதன் வடிவங்களைப் பட்டியல் போட்டுப் பதினான்கு என்று எண்ணியிருந்தது. நம் அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், அபாவம் என்ற இல்லாமையை ஐந்தோடு நிறுத்திக்கொண்டது.

காட்டின் சகாவான கிறிஸ் டேட் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. நல் என்பது மதிப்பே அல்ல, மதிப்பல்லாத ஒன்றை அட்டவணைக்குள் விட்டால் அது அட்டவணையே அல்ல என்பது அவர் கட்சி. ஹ்யூ டார்வனோடு சேர்ந்து அவர் 1995இல் வெளியிட்ட அறிக்கை நல்லை அடியோடு விலக்கியது. தர்க்கத்தில் ஜெயித்தவர் டேட் என்றே நான் நினைக்கிறேன். சந்தையில் ஜெயித்தது காட்டின் நல். அதிலும் இரண்டு குறி எடுபடவில்லை, ஒரே ஒரு குறிதான் நிலைத்தது. பான் குறிச்சொற்கள் மூன்றும் தனித்தனியாகச் சொல்கிற செய்தியைத் தரவுத்தளம் ஒரே காலிக் கட்டத்துக்குள் திணித்துவிடுகிறது.

மூன்றாவது விடையால் என்ன ஆகிறது? நல்லும் நல்லும் சமமா என்று கேட்டால் 'தெரியாது' என்று வரும். யுனிக் கட்டுப்பாடு, இரண்டு வரிகள் நிச்சயமாகச் சமம் என்றால்தான் தடுக்கும்; தெரியாது என்றால் விட்டுவிடும். இது வரைக்கும் நியாயமாகவே இருக்கிறது. ஆனால் தரவுத்தளங்களின் அதே எஸ்.க்யூ.எல். மொழியில் 'குரூப் பை' போட்டால் எல்லா நல்லும் ஒரே குவியலாகச் சேர்கிறது. 'டிஸ்டிங்ட்' போட்டால் ஒரே ஒரு நல்தான் மிஞ்சுகிறது. ஒரே வீட்டில் கூடத்துக்கு ஒரு சட்டம், சமையலறைக்கு ஒரு சட்டம்.

தரம் வகுத்தவர்களும் தடுமாறித்தான் வந்திருக்கிறார்கள். 1986இல் வந்த முதல் எஸ்.க்யூ.எல். தரம் வம்பே வேண்டாம் என்று, யுனிக் போடும் பத்தி எதுவும் காலியாக இருக்கக் கூடாது என்றது. 1992இன் தரம் அந்தக் கதவைத் திறந்தது. வாசகம் வழவழவென்று இருந்ததால் ஆளுக்கொரு விதமாகப் படித்துக்கொண்டார்கள். கடைசியில் 2023இன் தரம், நல்கள் வேறு வேறா ஒன்றா என்பதை அட்டவணை போடுகிறவரே சொல்லிக்கொள்ள இரண்டு சொற்றொடர்களைக் கொடுத்தது. ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன? அது அந்தந்த நிறுவனத்தின் விருப்பம் என்று எழுதிவிட்டது. முப்பது வருடக் குழப்பத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது போலத்தான் எனக்குப் படுகிறது.

பாணிகளுக்கு வருவோம். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் மூன்றும் தாராளக் கட்சி. எத்தனை நல் வேண்டுமானாலும் வரலாம். மைக்ரோசாப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரில் ஒரு நல்லுக்கு மேல் இடமில்லை. டிபி2 முதல் தரத்தின் கண்டிப்பை விடாமல் காப்பாற்றுகிறது: யுனிக் கட்டுப்பாடு என்றால் காலி கூடாது, யுனிக் இண்டெக்ஸ் என்றால் ஒரே ஒரு காலி.

ஆரக்கிளைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஒரு பத்தி மட்டும் யுனிக் என்றால் அதுவும் தாராளம்தான். இரண்டு பத்திகள் சேர்ந்து யுனிக் என்றால் குணம் மாறுகிறது. இரண்டும் காலியாக இருக்கும் வரிகள் எத்தனையும் வரலாம். ஒன்றில் மதிப்பிருந்து மற்றது காலி என்றால், அதே மாதிரி இரண்டாவது வரியைத் தடுத்துவிடும். காரணம் தத்துவம் இல்லை, பரண் வசதி. முழுக்க நல்லாக இருக்கும் வரிகளை ஆரக்கிளின் சாதாரண இண்டெக்ஸ் பதிந்து வைப்பதில்லை. பதியாததை எதோடு ஒப்பிடுவது? போதாக்குறைக்கு, எழுத்தே இல்லாத வெற்றுச் சரத்தையும் அது நல்லாகவே எடுத்துக்கொள்ளும். இந்த நடத்தையைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படியில்லை, ஏன் என்பதற்கு ஒரு பழைய சங்கதி சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சேமிப்புத் திட்ட அட்டவணை ஒன்று இருந்தது. ஓர் உறுப்பினர் ஒரு திட்டத்தில் ஒரே ஒரு நடப்புக் கணக்குத்தான் வைத்திருக்கலாம். முடித்துவிட்டு மறுபடி சேரலாம். அதனால் உறுப்பினர் எண், திட்ட எண், முடித்த தேதி மூன்றையும் சேர்த்து யுனிக் போட்டிருந்தோம். போட்டவன் நான்தான். நடப்புக் கணக்குக்கு முடித்த தேதி காலி. தரவுத்தளம் தாராளக் கட்சி. எனவே முடிந்துபோன கணக்குகளைக் கட்டுப்பாடு கண்ணும் கருத்துமாகக் காவல் காத்தது, நடப்பில் உள்ளவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. இணைப்பு மெதுவாக இருந்த ஒரு நாள் கவுன்டரில் இருந்தவர் பொத்தானை இரண்டு முறை அழுத்த, ஒருவருக்கே இரண்டு கணக்குகள் உண்டாகி இரண்டுக்கும் வட்டி ஏறியது. அரையாண்டுத் தணிக்கையில் வந்த அம்மா பேனா நுனியால் சுட்டிக் காட்டி, "தம்பி, இவர் ரெட்டைப் பிறவியா?" என்று கேட்டார். ஆரக்கிள் பாணியாக இருந்திருந்தால் இரண்டாவது வரி நுழைந்திருக்காது.

பரிகாரங்களில் நான் முதலில் கை வைப்பது பகுதி இண்டெக்ஸ். முடித்த தேதி காலியாக உள்ள வரிகளுக்கு மட்டும் உறுப்பினரும் திட்டமும் யுனிக் என்று நிபந்தனையோடு எழுதுவது. போஸ்ட்கிரெஸிலும் எஸ்க்யூலைட்டிலும் இந்த வசதி உண்டு. எஸ்.க்யூ.எல். சர்வரில் 2008 பதிப்பிலிருந்து வேறு பெயரில் இருக்கிறது; அங்கே பான் பிரச்சினைக்கும் இதுவே மருந்து, காலி அல்லாத வரிகளுக்கு மட்டும் யுனிக் என்று நிபந்தனையைத் திருப்பிப் போட வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் பகுதி இண்டெக்ஸ் இல்லை. அங்கே முடித்த தேதி காலி என்றால் 1, இல்லையென்றால் நல் என்று தானே கணக்கிட்டுக்கொள்ளும் ஒரு பத்தியைச் சேர்த்து, உறுப்பினர், திட்டம், அந்தப் பத்தி மூன்றையும் யுனிக் ஆக்குவார்கள். நடப்புக் கணக்குகள் 1இல் மோதி நிற்கும், முடிந்தவை நல்லின் வழியாகத் தாராளமாகப் போய்விடும். முள்ளை முள்ளால் எடுக்கிற வேலை, எனக்குப் பிடித்தமானது.

2022இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15, நல்களை ஒன்றாகக் கருதும் சொற்றொடரைத் தரம் வெளியாவதற்கு முன்பே கொண்டுவந்துவிட்டது. வசதிதான். ஆனால் எந்த மாதிரிக் காலி என்று யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் போட்டால் பான் இல்லாத இரண்டாவது ஆள் மறுபடி வாசலில்.

நான் வேண்டாம் என்பது ஒன்றே ஒன்று: காலியை நிரப்ப 0, -1, 'இல்லை' என்று போலி மதிப்பு போடுவது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது தமிழர்களுக்கு நன்றாகவே தெரியும். குடும்பப் பெயர் வழக்கம் இல்லாத நம்மவர்கள் ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்து அமெரிக்க விசா வாங்கினால், அந்தப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். முதற்பெயர்க் கட்டத்தில் 'முதற்பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கமான 'எஃப்.என்.யூ.' ஏறிவிடும். பிறகு அடுத்தடுத்த அலுவலகங்களில் அதையே பெயராக எடுத்துக்கொண்டு, 'மிஸ்டர் எஃப்னூ' என்று கூப்பிடுவார்கள். ஒன்றுமில்லாத இடத்தில் ஓர் அடையாளத்தை எழுதினால் அடுத்து வருகிறவர் அதை உண்மை என்றே படிப்பார்.

டேட் சொன்ன வழியும் இருக்கிறது. பான் எண் உள்ளவர்களுக்கு மட்டும் தனி அட்டவணை போட்டுவிட்டால் காலிக் கட்டமே இருக்காது, கேள்வியும் எழாது. அட்டவணை ஒன்று கூடும், எழுதும் வேலை கூடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை முதலில் யோசிக்கலாம்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அட்டவணைகளை வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். யுனிக் போட்ட பத்திகளில் காலி அனுமதி உள்ளவை எவை என்று பட்டியல் எடுங்கள். அதே பத்திகளின் மேல் ஒரு குரூப் பை போட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் சேரும் குவியல்களைப் பாருங்கள். குரூப் பை நல்களை ஒன்றாகவே எண்ணும் என்பதால், யுனிக் கோட்டை விட்ட இரட்டைகள் எல்லாம் அதில் வந்து நிற்கும். தணிக்கை வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.