போகாமல் அளந்தவர்கள்

நம் புதுக்கவிதையில் மிக மலிவாகக் கிடைக்கிற சொல் எது என்று கேட்டால் 'பிரபஞ்சம்' என்றுதான் சொல்வேன். கவிதை எட்டாவது வரியில் தொய்ந்துபோனால் ஒன்பதாவது வரியில் பிரபஞ்சம் வந்து நிற்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு வெறுமை, சற்றுத் தள்ளி ஒரு நட்சத்திரம். வாசகன் இதற்குள் ஏதோ ஆழம் இருப்பதாக நம்பிக்கொள்ள வேண்டும். கணக்கில் பணமில்லாமல் எழுதப்பட்ட காசோலைகளைத் திருப்பி அனுப்புவது என் பிழைப்பின் ஒரு பகுதி. இந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேலை நினைவுக்கு வருகிறது.

கவிஞர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வானியலைத் தமிழில் 'எளிமையாக'ச் சொல்ல வருகிற கட்டுரைகளிலும் இதே கோளாறுதான், வேறு உடையில். அங்கே பூஜ்யங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஓர் ஆச்சரியக்குறி. இத்தனை கோடி காலக்ஸிகள், இத்தனை கோடி ஆண்டுகள், மனிதன் எத்தனை சிறியவன்! இந்த எண்கள் எப்படிக் கிடைத்தன, யார் எங்கிருந்து எதை வைத்து அளந்தார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை. கவிஞர் அளக்காமலே சோகப்படுகிறார். கட்டுரையாளர் அளந்ததைச் சொல்லாமலே வியக்கிறார். இரண்டும் ஒன்றுதான்.

புறநானூற்றின் 30ஆம் பாட்டை இங்கே எடுத்துக்கொள்ளலாம். சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது. ஞாயிறு செல்லும் வழி, அதன் இயக்கம், அது சூழ்ந்துவரும் வட்டம், காற்று திரியும் திசை, எதன் ஆதாரமும் இல்லாமல் நிற்கும் வானம் இவற்றையெல்லாம் நேரில் போய் அளந்துவந்தவர்கள் போலச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அறிவுக்கும் எட்டாதபடி, யானை கன்னத்தில் ஒளித்து வைத்திருக்கும் எறிகல்லைப் போல, உன் வலிமை மறைந்திருக்கிறது என்பது பாட்டின் கருத்து. மேடைகளில் இந்தப் பாட்டு அந்தக் காலத்துத் தமிழன் வானத்தை அளந்ததற்கான சான்றுப் பத்திரமாகக் காட்டப்படுகிறது. பாட்டில் ஓர் அளவுகூட இல்லை. அளந்த முறையும் இல்லை. இருப்பது ஒரு மன்னனின் புகழ்ச்சி.

ஆனால் மேடைக்காரர்கள் கவனிக்காத ஒரு சொல் அதில் இருக்கிறது. 'போல' என்ற சொல். யாரும் போகவில்லை என்பது சாத்தனாருக்குத் தெரியும். அதற்காக அவர்களைப் பொய்யர்கள் என்றும் சொல்லவில்லை. போகாதவர்கள், போய் வந்தவர்களைப் போல உறுதியாகப் பேசுகிறார்கள். அது எப்படி முடிகிறது? வானியல் முழுவதும் இந்த 'போல'வுக்குள் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

போகாமல் அளப்பது எப்படி என்பதற்கு நான் குடியிருக்கும் தாம்பரத்தின் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏழரை மைல் தூரத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறு அடி எஃகுச் சங்கிலியைச் சுமார் நானூறு தடவை நீட்டிப் போட்டு அளந்த கோடு. வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் அதற்கும் கணக்கு வைத்தார்கள். கோட்டின் இரண்டு முனைகளிலிருந்தும் தூரத்திலுள்ள ஒரு மலையுச்சியைப் பார்த்துக் கோணங்களை அளந்துவிட்டால் போதும். மலைக்குப் போகாமலே அதன் தூரம் தெரிந்துவிடும். அந்தத் தூரத்தை அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாக வைத்துக்கொள்ளலாம். இப்படி முக்கோணத்தின் மேல் முக்கோணமாக இமயம் வரைக்கும் போனார்கள். அதன் நோக்கம் ஏகாதிபத்திய நிர்வாகம் என்பதை மறந்துவிட வேண்டியதில்லை. ஆனால் முக்கோணத்துக்கு எஜமான் யார் என்பது தெரியாது. பெரும்பாக்கத்தில் இன்று வாரியக் குடியிருப்புகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. இந்தக் கோட்டை ஒரு கவிதையிலும் நான் இதுவரை பார்த்ததில்லை.

நட்சத்திரத்துக்கும் இதே முறைதான். ஏழரை மைல் போதாது. பூமியின் சுற்றுப்பாதையே அடிக்கோடு. ஜனவரியில் ஒருமுறை, ஜூலையில் ஒருமுறை பார்த்தால், பார்க்கும் இடங்களுக்கிடையே சுமார் 30 கோடி கிலோமீட்டர். அப்படியும் எந்த நட்சத்திரத்தின் இடமாறு கோணமும் ஒரு விகலையை எட்டுவதில்லை. ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு. தாம்பரம் ஸ்டேஷனில் நின்றுகொண்டு, குரோம்பேட்டையைத் தாண்டி யாரோ நிமிர்த்திப் பிடித்திருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தைப் பார்ப்பதற்குச் சமம். 1838இல் பெஸ்ஸல் முதன்முதலாக ஒரு நட்சத்திரத்தின் தூரத்தைச் சொன்னபோது அவர் அளந்தது அதிலும் மூன்றில் ஒரு பங்குதான். விடை, சுமார் 11 ஒளியாண்டு. மற்றக் கட்டுரைகளில் ஆச்சரியக்குறி போடுகிற இடம் 11 ஒளியாண்டு. எனக்கு ஆச்சரியம் அந்த நாணயத்தின்மேல்.

அதற்கு அப்பால் முக்கோணம் எட்டாது. அங்கே வேறு ஏணிப்படி. சில நட்சத்திரங்கள் ஒழுங்கான கால இடைவெளியில் மங்கிப் பிரகாசிக்கின்றன. இந்த இடைவெளி நீள நீள நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசமும் கூடுகிறது என்பதை 1912இல் ஹென்ரியட்டா லீவிட் நிறுவினார். உண்மைப் பிரகாசம் தெரிந்து, நமக்குத் தெரியும் பிரகாசமும் தெரிந்தால் தூரம் வந்துவிடுகிறது. 1923இல் எட்வின் ஹபிள் அப்படிப்பட்ட ஒரு நட்சத்திரத்தை ஆண்ட்ரோமீடாவில் கண்டார். அது நம் பால்வீதிக்குள் இருக்கும் மேகமல்ல, வெளியே தனியாக நிற்கும் இன்னொரு காலக்ஸி என்று ஆயிற்று. இன்றைய கணக்கில் 25 லட்சம் ஒளியாண்டு. 1929இல், காலக்ஸிகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றனவோ அதற்கேற்ற வேகத்தில் விலகிப்போகின்றன என்று காட்டினார். விலகுகிறவற்றைக் கணக்கில் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் நெருங்கியிருந்த ஒரு காலம் கிடைக்கிறது.

இங்கேதான் எனக்குப் பிடித்த சமாச்சாரம். ஹபிளின் எண்களை வைத்துப் பின்னோக்கிப் போனால் பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டு என்று வந்தது. பூமியின் பாறைகளோ அதைவிட மூத்தவை. குழந்தை தாயைவிட மூத்தது. கணக்கு ஒத்துவரவில்லை. எங்கோ ஒரு படி தவறு. லீவிட்டின் நட்சத்திரங்களில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறோம் என்று 1952இல் வால்டர் பாடே சொன்னார். தூரங்கள் இரட்டித்தன, வயதும் கூடியது. பின்னும் பல திருத்தங்களுக்குப் பிறகு இன்றைக்கு அது 1380 கோடி ஆண்டு. தப்பாகப்போகக்கூடிய பிரபஞ்சம் இது. நம் கவிதைகளில் வரும் பிரபஞ்சம் ஒருபோதும் தப்பாவதில்லை. ஏனென்றால் அது எதையும் சொல்வதில்லை.

சொற்களைப் பற்றியும் பேசவேண்டும். 'பெருவெடிப்பு' என்று எழுதுகிறோம். மூலச் சொல்லே ஃப்ரெட் ஹாயில் 1949இல் வானொலிப் பேச்சு ஒன்றில் பயன்படுத்தியது. அவர் அந்தக் கோட்பாட்டை ஏற்காதவர். எதிர்த்தவர் வைத்த பெயரை நாம் மொழிபெயர்த்து, வெடிமருந்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டோம். வெடிப்பு என்றால் ஒரு மையம் வேண்டும், வெடித்துச் சிதற ஏற்கெனவே ஒரு காலி இடம் வேண்டும், பார்த்துக்கொண்டிருக்க வெளியே ஒருவர் வேண்டும். இந்த மூன்றும் இல்லை என்பதுதான் அந்தக் கோட்பாடு. விரிவது இடமே. எங்கிருந்து பார்த்தாலும் மற்றவை விலகுகின்றன. ஆகவே மையம் எங்கும் இல்லை. அந்தத் தொடக்க வெப்பத்தின் மிச்சத்தை 1965இல் பென்ஸியாஸும் வில்ஸனும் அறிவித்தார்கள். எல்லாத் திசையிலிருந்தும் ஒரே சீராக வருகிற, தனிச்சுழியிலிருந்து 2.7 டிகிரி மட்டுமே உயர்ந்த குளிர்ந்த கதிர்வீச்சு. வெடித்த இடத்திலிருந்து வருவதானால் அது ஒரு திசையிலிருந்துதானே வரவேண்டும்? வேடிக்கை என்னவென்றால் 'பிரபஞ்சம்' என்ற வடசொல்லுக்கு விரிந்து பரவியது என்ற பொருள் உண்டு. மலிவாக்கி வைத்திருக்கிற சொல்லில்தான் சரியான படிமம் இருக்கிறது. நாம் அதைப் பார்க்காமல் பட்டாசுக் கடைக்குப் போயிருக்கிறோம்.

'கருந்துளை'யும் இப்படித்தான். துளை என்றதும் வெறுமை என்று எடுத்துக்கொண்டு, காதல் தோல்விக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சலிப்புக்கும் அதைப் பிரயோகிக்கிறார்கள். அதில் வெறுமை என்பது நிறையின்மை அல்ல. நம் பால்வீதியின் நடுவில் இருப்பது, 2022இல் படம் வெளியானதே அது, 40 லட்சம் சூரியன்களின் நிறையைக் கொண்டது.

இதன் கதையில் ஒரு பகுதி சென்னையில் தொடங்குகிறது. பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர், 1930இல், பத்தொன்பதாவது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கு அது. எரிபொருள் தீர்ந்து ஒடுங்கிய நட்சத்திரம் ஒரு வரம்புக்கு மேல் கனமாக இருந்தால் வெண்குள்ளனாக நிலைத்து நிற்க முடியாது. மேலும் ஒடுங்கியே ஆகவேண்டும். அந்த வரம்பு சூரியனைப் போல் 1.4 மடங்கு. 1935 ஜனவரியில் லண்டனில், ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில், எடிங்டன் இதைக் கேலி செய்தார். இயற்கை இப்படி ஓர் அபத்தத்தை அனுமதிக்காது என்பது அவர் கட்சி. எடிங்டன் சாதாரண ஆள் இல்லை. வானியலைப் பொதுவாசகருக்கு ஆங்கிலத்தில் எழுதியவர்களில் அவரளவு அழகாக எழுதியவர்கள் குறைவு. உவமையும் நகைச்சுவையும் அவர் கைக்குள் இருந்தன. அன்று சபை அவர் பக்கம் சிரித்தது. ஆனால் அழகான உரைநடை தவறாக இருந்தது. அலங்காரமில்லாத ஒரு தசம எண் சரியாக இருந்தது. நோபல் பரிசு வர 1983 ஆயிற்று. நடை, நடை என்று அலையும் நாம் இந்தக் கதையைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். சந்திரசேகரின் தாயார் சீதாலக்ஷ்மி இப்ஸனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழாக்கியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒரே வீட்டில் இரண்டும் முடிந்திருக்கிறது.

தமிழில் இது முடியாது என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு ஒரு பெயர் சொல்வேன்: சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். 1867இல் ஒரு மாறொளி நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். 1874 டிசம்பர் 9ஆம் தேதி வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே கடக்கவிருந்தபோது, அதை விளக்கித் தமிழ், உருது உள்ளிட்ட சில மொழிகளில் ஒரு சிறு நூல் போட்டார். ஓர் உரையாடல். கேட்கிறவர் பழைய சாஸ்திரம் அறிந்தவர், மூடர் அல்ல. பதில் சொல்கிறவர் அவரை மிரட்டவும் இல்லை, வியப்பில் ஆழ்த்தவும் இல்லை. இன்ன நாளில் இது நடக்கும், இதைப் பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்தால் சூரியனின் தூரம் கிடைக்கும். மறுபடியும் அதே முக்கோணம். பஞ்சாங்கத்தைக் கண்ணால் பார்த்ததோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டும் என்பது அவர் கட்சி. திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்றும் வெளியிட்டார். நூற்றைம்பது வருஷம் ஆகிறது. இன்றும் சனிப்பெயர்ச்சி வாக்கியத்தில் ஒரு நாள், திருக்கணிதத்தில் வேறு நாள். எந்தக் கோயில் எதைப் பின்பற்றுகிறது என்று விசாரிக்கிறோம். சனி எங்கே இருக்கிறது என்று மொட்டைமாடிக்குப் போய்ப் பார்ப்பவர் எத்தனை பேர்?

கவிதை என்ன பாடப்புத்தகமா என்று கேட்பார்கள். இல்லை. கவிஞன் கோணமானி வைத்துக்கொண்டு எழுதவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு பொருளைச் சொல்கிறவனுக்கு அந்தப் பொருளோடு ஏதாவது கொடுக்கல் வாங்கல் இருக்கவேண்டும் என்கிறேன். மரத்தைப் பற்றி எழுதினால் அது வேம்பா புங்கையா என்று கேட்கிறோம். நட்சத்திரத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? ஜன்ம நட்சத்திரம் இல்லாத ஆள் நம்மில் யாருமில்லை. அர்ச்சனைத் தட்டில் அதன் பெயரைச் சொல்கிறோம். வானத்தில் காட்டச் சொன்னால் முழிக்கிறோம். தாம்பரத்தின் விளக்கு வெளிச்சத்தில்கூடத் தெரிகிறவை உண்டு. கோடை ஆரம்பத்தில் இரவு பத்து மணிக்குக் கிழக்கே ஆரஞ்சு நிறத்தில் சுவாதி இருக்கும். தூரம் 37 ஒளியாண்டு. இன்று நான் பார்க்கும் அதன் வெளிச்சம், நான் பிறந்த வருஷத்தை ஒட்டி அங்கிருந்து கிளம்பியது. ரோகிணியினுடையது 65 வருஷத்துக்கு முந்தியது. என் அப்பாவின் பள்ளிக்கூட நாட்கள். இதில் வியப்பு இருக்கிறதா, துக்கம் இருக்கிறதா என்பதை வாசகன் தீர்மானித்துக்கொள்ளட்டும். எழுதுகிறவன் செய்யவேண்டியது தூரத்தைச் சரியாகச் சொல்வது.