குப்பையை விளிம்பாக வாசிப்பது

மனித மரபணுத்தொகையில் புரதம் செய்வதற்கான குறிமொழி 2 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சத்தில் பெரும்பகுதி ‘குப்பை’ என்று 1972இல் சுசுமு ஓனோ கட்டுரைத் தலைப்பிலேயே எழுதினார். அந்தக் குப்பையிலிருந்தும் ஆர்என்ஏ உருவாகிறது, செல்லுக்கு நெருக்கடி வந்தால் சில இடங்களில் அது பெருகவும் செய்கிறது என்று தெரிந்தபிறகு, நம் நண்பர்கள் சிலர் இதை ஆசையோடு பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மையம் வெறும் 2, விளிம்பு 98. ஒடுக்கப்பட்டது பேசத் தொடங்கிவிட்டது. உயிரியலே பெருங்கதையாடலைக் கட்டுடைத்துவிட்டது. கூட்டங்களில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வாசிப்பு நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதுதான் என் கவலை.

முதலில் சொல். சாணியும் கூளமும் மக்கிய குப்பை சம்சாரிக்கு எரு. வண்டி கட்டி வயலுக்கு அடிப்பார்கள். ஓனோவின் சொல்லில் அந்த வாசனை கிடையாது. தூக்கியெறிகிற கழிவு வேறு, பரணில் போட்டு வைக்கிற தட்டுமுட்டுச் சாமான் வேறு என்று சிட்னி பிரென்னர் பிரித்துச் சொன்னார். ஓனோ சொன்னது இரண்டாவதை. எல்லாப் பகுதியும் அவசியம் என்றால் தலைமுறைதோறும் ஏறும் பிறழ்வுகளின் சுமையை எந்த இனமும் தாங்காது என்பது அவர் கணக்கு. அது ஆணவம் இல்லை, வாதம். 2012இல் என்கோட் திட்டத்தார் 80 சதவீதத்துக்கு ஏதோவொரு உயிர்வேதிச் செயல்பாடு உண்டு என்று அறிவித்தபோது, செயல்படுவதும் பயன்படுவதும் ஒன்றா என்று மறுவருஷமே சண்டை வந்தது. வெங்காயத்தின் மரபணுத்தொகை நம்முடையதைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதற்கு இவ்வளவு எதற்கு என்று ரயன் கிரகரி முன்பே கேட்டிருந்தார். பெரியார் இருந்திருந்தால் உதாரணத்தை ரசித்திருப்பார்.

இனி செல்லுக்குள் போவோம். நெருக்கடி என்று நான் சொல்வது சூடு, நச்சு, கதிர்வீச்சு. வாரப் பத்திரிகைகளின் ‘மன அழுத்தம்’ அல்ல. சோதனைச்சாலையில் மனித செல்லை 42 டிகிரியில் வைத்தால் எச்எஸ்எஃப்1 என்கிற புரதம் விழித்துக்கொள்கிறது. மற்றப் புரதங்கள் உருக்குலையாமல் காக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுவது அதன் வழக்கமான வேலை. அதோடு நிற்காமல் 9ஆவது குரோமோசோமில் சென்ட்ரோமியருக்குப் பக்கத்தில், இறுக்கிச் சுருட்டி வைக்கப்பட்ட சாட்டிலைட் III வரிசையிலும் போய் உட்காருகிறது. பாடப்புத்தகம் மௌனம் என்று சொல்லிவந்த இடம். அங்கே கிளம்பும் நீண்ட ஆர்என்ஏக்கள் பிறந்த இடத்தைவிட்டு நகராமல், பிற ஆர்என்ஏக்களை வெட்டி ஒட்டும் புரதங்களைத் தம்மிடம் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இது 2004இல் வெளிவந்தது. குரோமோசோம் நுனிகளில் உருவாகும் டெர்ரா ஆர்என்ஏவும் சூட்டில் கூடுகிறது. எச்எஸ்எஃப்1 இல்லாத செல்லில் சூடுபட்ட நுனிகள் கூடுதலாகச் சேதமடைகின்றன என்று 2017இல் காட்டினார்கள்.

மக்காச்சோளத்தில் உடைகிற குரோமோசோமைப் பின்தொடர்ந்தே பார்பரா மெக்ளின்டாக் 1940களில் இடம்பெயரும் கூறுகளைக் கண்டார். (அதுவும் 9ஆவது குரோமோசோம்தான். தற்செயல், எண் சோதிடம் வேண்டாம்.) எதிர்பாராத அதிர்ச்சிக்கு மரபணுத்தொகை தன்னையே மாற்றியமைத்துப் பதில் சொல்கிறது என்று 1983 நோபல் உரையில் சொன்னார். புறக்கணிக்கப்பட்ட மேதை என்று அவரைச் சுருக்குவது நம் ஆட்களுக்குப் பழக்கம். கூறுகள் இடம்பெயர்வதைச் சோள ஆய்வாளர்கள் மறுக்கவில்லை, அவை வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகின்றன என்கிற கோட்பாட்டைத்தான் ஏற்கவில்லை என்று நதானியல் கம்ஃபர்ட் 2001இல் வந்த நூலில் வாதிடுகிறார். புறக்கணிப்புக் கதை அவ்வளவு நேராக இல்லை.

இப்போது மறுபக்கம். பிஆர்சிஏ1 மரபணு இல்லாத செல்களில் சாட்டிலைட் வரிசைகளின் பூட்டு அவிழ்ந்து அவற்றின் ஆர்என்ஏ குவிகிறது. அந்த ஆர்என்ஏவை மட்டும் செல்லில் ஏற்றினாலே டிஎன்ஏ சேதமடைகிறது என்று 2011இல் வந்தது. அதே வருஷம் கணையப் புற்றுக்கட்டிகளிலும் சாட்டிலைட் ஆர்என்ஏ ஏராளமாக இருப்பதைக் கண்டார்கள். ஆர்என்ஏ தன் டிஎன்ஏ இழையோடேயே ஒட்டிக்கொண்டால், நகலெடுக்க வரும் இயந்திரம் அங்கே முட்டி நிற்கும், இழை முறியும்.

இதை என்ன செய்வது தோழர்களே? ‘விளிம்பு பேசுகிறது’ என்பதற்கு உயிரியலைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், அதே சாட்சி அடுத்த வாய்தாவில் ‘விளிம்பு வாய்திறந்தால் உடம்பு குலையும்’ என்றும் சொல்லும். அந்த வாக்கியத்துக்காகக் காத்திருக்கிறவர்கள் இங்கே உண்டு. சமூகத்தை உடம்பாக வாசிப்பது இந்த மண்ணில் வெகுளியான காரியம் இல்லை. வாயிலிருந்து ஒருவன், காலிலிருந்து ஒருவன் என்று புருஷ சூக்தம் வகுத்ததும் ஓர் உடம்பைக் காட்டித்தான். காலைத் தலையாக்கினாலும் உடம்பு உடம்பாகத்தான் இருக்கிறது. ஒடுக்கப்பட்டவர் பேசுவதற்கு செல்லின் சான்றிதழ் எதற்கு?

உருவகத்தைக் கழற்றி வைத்தால் ஆய்வுகள் இன்னும் சுவாரஸ்யமாக இருக்கின்றன. சூடு தணிந்தால் சாட்டிலைட் III சில மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. புற்றுக்கட்டியில் பூட்டவிழ்ந்த வரிசைகள் அப்படி அடங்குவதில்லை. எவ்வளவு, எவ்வளவு நேரம், எந்த இழையோடு ஒட்டிக்கொண்டு என்பதில்தான் காப்பதும் முறிப்பதும் பிரிகின்றன.