கேட்ட சுருதியை எதைக் கொண்டு அளப்பது?

சுரமானிப் பரிசோதனை உங்களுக்கு நினைவிருக்கும். கம்பியின் மேல் ஒரு காகிதத் துண்டை வைத்து, அதிரும் இசைக்கவையின் காம்பைப் பெட்டிமேல் ஊன்றுகிறோம். காகிதம் துள்ளி விழுந்தால் இரண்டின் அதிர்வெண்களும் ஒன்றிவிட்டன என்று குறித்துக்கொள்கிறோம். இங்கு நாம் நம்புவது காதை அன்று, காகிதத்தை!

அந்தக் காதுக்குரிய மூளையையே ஒரு மருந்து மாற்றிவிட்டால் என்ன ஆகும்? இக்கேள்வியை எழுப்பும் நூல், அமெரிக்க வேதியியலார் அலெக்சாண்டர் ஷுல்கினும் அவர் மனைவி ஆன் ஷுல்கினும் எழுதி 1997-இல் வெளிவந்த ‘டிகால்’. அதன் பிற்பகுதியில் டிரிப்டமின் வகைச் சேர்மங்கள் 55 இடம்பெறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பு முறை, அளவு, உட்கொண்டோரின் அனுபவக் குறிப்பு ஆகியவை உண்டு.

இவ்வகைச் சேர்மங்களில் பல, முதன்மையாகப் பார்வையை மயக்குபவை. ஆனால் டி.ஐ.பி.டி. என்பது செவிப்புலனைத் தாக்குகிறது. பழகிய குரல்கள் தாழ்ந்து ஒலித்ததாகவும், இசை சுருதி கெட்டுக் கேட்டதாகவும் குறிப்புகள் கூறுகின்றன. நெடுநாள் மதுவுக்கு அடிமையானோருள் சிலர், யாருமற்ற அறையில் தம்மை ஏசும் குரல்களைக் கேட்பதுண்டு. அங்கே ஒலியே இல்லை. இங்கே ஒலி உண்டு. கேட்கும் சுருதிதான் கற்பனை.

இதனை இயற்பியல் நோக்கில் பார்ப்போம். ஷட்ஜம் 240 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 360 ஹெர்ட்ஸ் எனக் கொள்வோம். விகிதம் 2:3. இரண்டும் ஒரே விகிதத்தில் தாழ்ந்து 200, 300 ஆனால், கட்டை குறையுமே தவிரப் பாட்டு கெடாது. இசைத்தட்டு மெதுவாகச் சுழன்றால் நிகழ்வது இதுதான். மாறாக, இரண்டும் 40 ஹெர்ட்ஸ் தாழ்ந்து 200, 320 ஆனால் விகிதம் 5:8 ஆகிறது. பஞ்சமம் சுத்த தைவதமாகி, இசை குலைந்துவிடும். எனவே ‘சுருதி கெட்டது’ என்ற குறிப்பு உண்மையானால், மூளை சுரங்களை ஒரே விகிதத்தில் தாழ்த்தவில்லை என்றாகிறது. மிக அரிய செய்தி இது.

ஆனால் இதனை மெய்ப்பிப்பது எப்படி? இசைக்கவையைத் தட்டி ஒப்பிடலாமே என்பீர்கள். அந்த ஒலியும் அதே காதின் வழியாகத்தானே செல்கிறது! சுருங்கிய துணியை, அதே அளவு சுருங்கிய முழக்கோலால் அளப்பது போன்றது அது. ஒப்பீடு எதுவுமின்றி, கேட்டவுடன் சுரத்தின் பெயரைச் சொல்லும் நினைவாற்றல் உள்ளவரே இதற்கு ஏற்ற கருவி. வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமாசெபின் என்னும் மருந்து, சிலருக்குச் சுருதியை ஏறத்தாழ அரைச் சுரம் தாழ்த்திக் கேட்கச் செய்வது இத்தகையோர் வாயிலாகவே தெளிவாயிற்று. ஜப்பானிலிருந்து இவ்வாறான மருத்துவக் குறிப்புகள் பல வந்துள்ளன. மருத்துவர் மருந்தை நிறுத்தியதும் செவி பழைய நிலைக்குத் திரும்பியது. (மருத்துவரைக் கேளாமல் எவரும் இம்மருந்தை நிறுத்தலாகாது.)

ஷுல்கினின் நேர்மையை நான் ஐயுறவில்லை. பயன் விளையாத அனுபவங்களையும் அவர் மறைக்கவில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. உட்கொண்டோர் சிலரே, அவர்களும் தாம் உட்கொண்டது இன்னதென அறிந்தவர்கள். மருந்தற்ற மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அங்கில்லை. கிராம் கணக்கில் துல்லியமான தயாரிப்பு முறைக்குப் பக்கத்திலேயே இக்குறிப்புகள் அச்சாவதால், அவையும் ஆய்வக முடிவுகள் போலத் தோன்றிவிடுகின்றன. இளம் வாசகன் ஏமாறக்கூடிய இடம் இதுவே. தன்மீதே சோதித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று அவன் எண்ணக்கூடும். போதிய ஆய்வுக்கு உட்படாத ஒரு வேதிப்பொருளை விழுங்கிய பின், அவனிடம் மிஞ்சுவது சுருங்கிய முழக்கோல் மட்டுமே.

‘எனக்குக் கேட்டது’ என்பவர் பொய் சொல்லவில்லை. அவர் தருவது காற்றைப் பற்றிய செய்தியன்று, தம் மூளையைப் பற்றிய செய்தி. இந்நூலை அவ்வாறு படித்தால் பயனுண்டு. அளவீடாகப் படித்தால், காகிதத் துண்டு இல்லாத சுரமானியே அது.