மண்டபங்களும் மாணவரும்

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் மண்டபங்கள் முதுமையெய்திவிட்டன. அவற்றைப் பழுதுபார்த்து நவீனப்படுத்த வேண்டுமென்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் எதனைப் புதுப்பிப்பது, யாருக்காகப் புதுப்பிப்பது என்னும் வினாக்கள் பொறியியலாளரிடம் மட்டும் விட்டுவிடத்தக்கவை அல்ல. வஹகோட்டையிலும் மாத்தளை மாவட்டத்தின் பிற ஊர்களிலும் பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பல்கலைக்கழக வாயில்வரை அனுப்பிவைக்கும் ஆசிரியராகிய நாம், இவற்றைப் பற்றிப் பேசும் கடமையுடையோம்.

இம்மண்டபங்கள் எழுந்த வரலாற்றை முதலில் நோக்குவோம். இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906 இல் இயக்கம் நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிற் பிறந்தது. 1952 இல் அதன் கலைப்பீடம் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. அபர்குரொம்பி வகுத்த திட்டத்துக்கு ஷேர்லி டி அல்விஸ் கட்டட வடிவம் கொடுத்தார். துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் தாம் பயின்ற கேம்பிரிட்ஜை மனத்திற் கொண்டு, மாணவர் யாவரும் உடனுறைந்து கற்கும் பல்கலைக்கழகத்தை விரும்பினார். ஜயதிலக, அருணாசலம், மார்ஸ், இராமநாதன், ஹில்டா ஒபேசேகர, சங்கமித்தா என்னும் பெயர்களுடன் ஹந்தானை மலையடிவாரத்தில் மண்டபங்கள் எழுந்தன.

அக்கனவு அழகியதே. ஆனால், அது ஆங்கிலம் கற்ற ஒரு சிறு கூட்டத்துக்கென்று காணப்பட்ட கனவு. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், 1960 இல் கலைப்பீடத்திற் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளானமையும் அக்கூட்டத்தின் வேலியைத் தகர்த்தன. உழவனின் மகனும் கடற்றொழிலாளியின் மகளும் வந்து சேர்ந்தனர். அறைகளில் நெருக்கம் மிகுந்தது. ஆகவே, இன்றைய பழுதுக்குக் கட்டடங்களின் முதுமை ஒரு காரணமெனின், மக்கள் வந்தபோது அவர்தம் தொகைக்கேற்ப வசதிகள் பெருகாமை மற்றொரு காரணமாகும்.

புதுப்பித்தல் பற்றிப் பேசுவோருள் இரு திறத்தார் உளர். ஒரு சாரார் ஓட்டுக் கூரையையும் கல்லிற் செதுக்கிய அலங்காரத்தையும் காப்பதொன்றே போதுமென்பர். மறு சாரார் யாவற்றையும் இடித்துவிட்டு அடுக்குமாடிகளை எழுப்பச் சொல்வர். இவ்விரு சாராரும் கட்டடத்தைக் காண்கின்றனரேயன்றி அதனுள் வாழ்பவரைக் காண்பதில்லை. மலைநாட்டு மழைக்கு நீண்ட இறவாரமும், காற்றுக்கு உள்முற்றமும் இன்றும் பொருத்தமானவை. அவற்றைக் காப்பது அறிவுடைமை. ஆனால், குளியலறைக்கு முன் மாணவர் வரிசையில் நிற்க, முகப்புக்கு மட்டும் வெள்ளையடிப்பதைப் புதுப்பித்தல் எனலாமா?

மாத்தளைத் தோட்டங்களின் லயங்களிலிருந்து வரும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் குடும்பம் முழுவதும் சமைத்து, உண்டு, உறங்கும் சூழலில் அவள் கற்றாள். தனக்கென ஒரு மேசை, ஒரு விளக்கு, புத்தகம் வைக்க ஒரு தட்டு ஆகியவற்றை அவள் முதன்முதலாகப் பெறக்கூடிய இடம் பல்கலைக்கழக விடுதியே. அங்கும் நெருக்கமே வரவேற்குமாயின் இலவசக் கல்வி பாதியில் நின்றுவிடுகிறது. நவீன வசதியின் பெயரால் கட்டணம் உயருமாயின் அப்பாதியும் பறிபோய்விடும்.

உடனுறைவின் பயன் படிப்போடு முடிவதுமன்று. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துக்களை மேடையேற்றினார். கிராமத்து வட்டக்களரிக் கலை பல்கலைக்கழக அரங்கின் மதிப்பைப் பெற்றது. மாலையில் ஆளுக்கொரு திசையாகக் கலைந்து செல்லும் மாணவரிடையே இத்தகைய கூட்டு முயற்சி எளிதில் வளர்ந்திராது.

எனினும், உடனுறைவே தன்னளவில் நன்மை தந்துவிடும் என்றும் நாம் மயங்குவதற்கில்லை. 1975 இல் இராமநாதன் மண்டபத்திற் பகிடிவதைக்கு அஞ்சி மாடியிலிருந்து குதித்த மாணவியொருத்தி முடங்கிப் போனாள். 1983 மே மாதத்தில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டு வளாகத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998 இல்தான் வந்தது. சுவர்களைப் புதுப்பித்துவிட்டு, அச்சத்தை மட்டும் பழையபடி குடியிருக்க விடுவதாற் பயனென்ன? சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர் ஒரே கூரையின்கீழ் அச்சமின்றி உறங்கும் இரவே உண்மையான நவீனம்.

பெயர்களாலும் இக்குறை தீராது. தமிழகத்தில் அரசின் மாணவர் விடுதிகள் ‘சமூகநீதி விடுதிகள்’ என அழைக்கப்படும் என்று 2025 ஜூலையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். பெயர் சிறந்ததே, ஆனால், அப்பெயரின் உண்மையைச் சமையலறையிலும் நீர்த்தொட்டியிலுமே சோதித்தறிய வேண்டும். அருணாசலத்தின் பெயரைத் தாங்கும் பேராதனை மண்டபத்துக்கும் இதே சோதனை பொருந்தும்.

எனவே, மண்டபங்களைப் புதுப்பிக்க முன்வருவோரிடம் நாம் வேண்டுவன இவை: வரைபடம் தீட்டுமுன் அங்கு வாழும் மாணவரையும், அங்கு துப்புரவும் சமையலும் செய்யும் தொழிலாளரையும் கேளுங்கள். முகப்புக்கு முன்னர் நீர், கழிப்பிடம், மின்சாரம் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்குங்கள். அறிவித்தல்கள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் வறிய மாணவர் ஒருவரேனும் இடமின்றி வெளியே நிற்கலாகாது. எமது வகுப்புகளில் இன்று அமர்ந்திருக்கும் பிள்ளைகள் நாளை அந்த அறைகளுக்கே செல்லவிருக்கின்றனர்.