ஒரு இஞ்சு ஏத்தினால் தீருமா?

"அண்ணாச்சி, ஹேண்டிலை ஒரு இஞ்சு ஏத்தி விட்டா எல்லாம் சரியாப் போயிரும்." வளத்தியான ஆள் முதுகு வலிக்கிறது என்று ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றால் எங்கள் ஆலங்குளம் பக்கம் கிடைக்கும் முதல் பதில் இதுதான். நான் ஆறடி இரண்டு அங்குலம். மூன்று வண்டிகளில் இதே பதிலைக் கேட்டு மூன்று முறையும் தலையாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பாதி வலி போனது, பாதி நின்றது. நின்ற பாதிதான் இதை எழுத வைக்கிறது.

சைக்கிளில் இந்தச் சிக்கல் கிடையாது. 1970இல் தொடங்கிய எங்கள் ஊர் சிமெண்ட் ஆலைக்கு ஷிப்டு போன என் அப்பா காலத்து ஆட்களுக்குச் சீட்டுக்கு ஒரு நட்டு, ஹேண்டிலுக்கு ஒரு போல்ட். ஒரே ஸ்பேனரால் அண்ணன் ஏற்றுவான், தம்பி இறக்குவான். மோட்டார் சைக்கிளில் அந்த வசதி போய்விட்டது. சீட் சட்டத்தோடு பொருந்திக் கிடக்கிறது. ஃபுட்ரெஸ்ட் ஒரே இடத்தில் இறுகிக் கிடக்கிறது. ஸ்பேனர் வைத்தால் அசைகிற ஒரே இடம் ஹேண்டில் பார். மெக்கானிக் அதைத் தொடுவதற்குக் காரணம் வலி அங்கே இருப்பதல்ல, அது ஒன்றுதான் அசையும் என்பது. இந்த வழக்கத்தின் பலமும் பலவீனமும் இங்கிருந்தே கிளம்புகின்றன.

பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நூறு சிசி வண்டியில் உயரமான ஆள் உட்கார்ந்தால் உடம்பு முன்னால் கவிழும், பாரம் உள்ளங்கையில் இறங்கும். நெடுஞ்சாலை வேகத்தில் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கி அந்தப் பாரத்தில் கொஞ்சம் குறைக்கும். வெம்பக்கோட்டைச் சாலையில் முப்பது, நாற்பதில் போகிறவனுக்கு அந்த உதவியும் இல்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையின் வெளிப்பக்க நரம்பு நசுங்குகிறது என்று பொருள். சைக்கிளில் வெகுதூரம் போகிறவர்களுக்கு மருத்துவர்கள் நன்றாக அறிந்த கோளாறு இது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல் பக்கம் மரத்தால் மணிக்கட்டு மடங்கியிருக்கிறது. அதற்கு ஹேண்டிலை ஏற்றத் தேவையே இல்லை. கிளாம்ப்பைத் தளர்த்தி ஹேண்டிலைச் சற்றுச் சுழற்றி, பிரேக், கிளட்ச் பிடிகளை முன்கைக்கு நேர்கோட்டில் வைத்தால் போதும். காசு செலவில்லாத இந்த வேலையைச் செய்து பார்க்காமல் ஹேண்டிலுக்கு அடியில் வைத்து ஏற்றும் கட்டையான ரைசரை வாங்க ஓடுவதுதான் எங்கள் பக்கத்து முதல் பிழை.

இனி அந்த ஒரு இஞ்சு. முன் ஃபோர்க் நேராக நிற்பதில்லை. பெரும்பாலான வண்டிகளில் ஏறத்தாழ 25 பாகை பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்விலேயே 30 மி.மீ. கட்டை வைத்தால் ஹேண்டில் மேலே ஏறுவது 27 மி.மீ., ஆளை நோக்கிப் பின்னால் வருவது 12 அல்லது 13 மி.மீ. கை நீளமான ஆளுக்கு ஹேண்டில் எட்டிப் போக வேண்டும், இங்கே கிட்ட வருகிறது. முழங்கை விலாவோடு ஒட்டுகிறது, முழுசாகத் திருப்பும்போது ஹேண்டில் முனை தொடையைத் தொடுகிறது. என் இரண்டாவது வண்டியில் இதுதான் நடந்தது. ஏற்றியதோடு முன்னாலும் தள்ளி வைக்கும் ரைசர்கள் உண்டு. கடையில் அப்படிக் கேட்டு வாங்குகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னும் ஏற்றினால்? முதுகு குத்துக்கோலாக நிமிரும். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனால் சற்று முன்சாய்ந்த உடம்பில் பள்ளத்தின் அடியை இடுப்பு மடங்கி வாங்கிக்கொள்ளும். நிமிர்ந்த உடம்பில் அது நேராக முதுகுத்தண்டுக்கு ஏறும். முன் சக்கரத்தில் பாரமும் குறைகிறது. மழை பெய்து கரிசல் களியாகக் குழையும் பாதையில் முன் சக்கரம் மண்ணைக் கவ்வாமல் வழுக்குவது என்னவென்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் முழங்கால். உயரமான ஆளின் உயரத்தில் பெரும்பங்கு காலில் இருக்கிறது. சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் இடையே அந்தக் கால் மடங்கிக் கிடக்கும்போது இடுப்பெலும்பு பின்னால் உருண்டு, அடிமுதுகு கூன் போடுகிறது. அந்தக் கூன்தான் முதுகுவலி. ஹேண்டிலை எவ்வளவு ஏற்றினாலும் கால் மடங்கிய கோணம் மாறாது. கால் சொல்லும் புகாருக்குக் கையில் வைத்தியம் பார்க்கிறோம்.

கம்பெனிக்காரர்களுக்கு இது தெரியாததல்ல. நம் மாநிலத்திலேயே தயாராகி 2018இல் வந்த ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி இரண்டையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். அதே 648 சிசி எஞ்சின், அடிப்படையில் அதே சட்டம். ஒன்றில் ஹேண்டில் உயரமாக, அகலமாக, மற்றதில் தாழ்வாக. ஹேண்டிலைத் தாழ்த்தியவர்கள் அதோடு நிற்கவில்லை, ஜிடியில் ஃபுட்ரெஸ்ட்டையும் பின்னால் தள்ளினார்கள். சீட், ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில் மூன்றும் ஒரு முக்கோணம். ஒரு முனையை நகர்த்துகிறவன் மற்ற இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். லேத் பட்டறையில் கடைந்த கட்டையை அடியில் வைத்து, பழைய போல்ட்டையே போட்டு முறுக்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 8 மி.மீ. போல்ட் எஃகுக்குள் குறைந்தது 8 மி.மீ., அலுமினியத்துக்குள் 12 மி.மீ. ஆவது இறங்கிப் பிடிக்க வேண்டும். கட்டை உயர்ந்த அளவுக்குப் போல்ட்டும் நீளாவிட்டால் நாலு மரையில் ஓர் உயிர் தொங்குகிறது. அடுத்தது கேபிள். வேலை முடிந்ததும் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்ப வேண்டும். சத்தம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. திரும்பும் நேரத்தில் வண்டி தானாக வேகம் எடுக்கும். டிஸ்க் பிரேக் ஹோஸும் வயர்களும் அந்தத் திருப்பத்தில் விறைக்கக் கூடாது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் தயாரிப்பாளர் குறித்த அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கின்றன. அதே ஆண்டுத் திருத்தம் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் ஹேண்டில் உயரம் எழுதப்படுவதில்லை. கம்பெனி ஹேண்டிலையே சுழற்றி வைப்பதை யாரும் குற்றமாக்க முடியாது என்பது என் எண்ணம். வெட்டி ஒட்டுவதற்கு அந்தத் தைரியத்தை நான் தர மாட்டேன்.

டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கு மட்டும் என் தீர்ப்பு வேறு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் கால் வைக்கும் இடத்தில் மூட்டையை ஏற்றி, முழங்காலை வெளியே விரித்துக்கொண்டு போகிற ஆட்களைத் தினமும் பார்க்கிறோம். மூட்டை இறங்காதவரை அந்தக் கால் நீளப் போவதில்லை. அவர்களுக்குச் சரியான போல்ட்டோடு ஹேண்டிலைக் கொஞ்சம் ஏற்றுவது, திரும்பும்போது முழங்கால் இடிக்காமல் காக்கும். அதுவே பெரிய காரியம்.

மூன்றாவது வண்டியில் ரைசரைக் கழற்றிவிட்டேன். சீட்டைப் பிரித்து ஒன்றரை இஞ்சு கெட்டி நுரை வைத்துத் தைக்கச் சொன்னேன். கால் நீண்டது, இடுப்பு நிமிர்ந்தது. சீட் ஏறியதால் ஹேண்டில் தாழ்ந்ததுபோல் ஆனது. அப்போதுதான் அரை இஞ்சு ஏற்ற நியாயமான காரணம் கிடைத்தது. 2023இல் வந்த ஹிமாலயன் 450இல் சீட்டை 825 மி.மீ.யிலிருந்து 845க்கு ஏற்றிக்கொள்ளலாம். அது மலையேறும் வண்டி, விலையும் அதற்கேற்றது. பட்டாசு ஆலைக்கும் அச்சகத்துக்கும் தினமும் போய்வரும் நூறு சிசி வண்டியின் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டில் இன்னொரு ஜோடித் துளை போடவும், சீட்டுக்கு அடியில் இரண்டாவது உயரம் வைக்கவும் எந்தக் கம்பெனிக்கும் பெரிய செலவாகாது. அதை அவர்கள் செய்ய வேண்டும்.