மழைக்குப் பிணை யார்?

வானம் பொய்த்த ஆண்டில், விதையைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நிற்கும் உழவனை வள்ளுவர் நன்கறிந்தவர். மழை குன்றினால் ஏர் நிற்கும், புல்லும் முளைக்காது, கடலும் வளம் குறையும் என்று 'வான்சிறப்பில்' அடுக்குகிறார். நம்மை ஈர்ப்பது 18-ஆம் குறள். மழையில்லையேல் தேவர்க்கும் திருவிழா இல்லையாம், நாள் வழிபாடும் இல்லையாம்! பூசையால் மழையன்று, மழையால்தான் பூசை. 2019-ஆம் ஆண்டு வறட்சியில், கோயில்தோறும் மழை வேள்வி நடத்தச் சொன்ன அறநிலையத்துறையினர் இக்குறளை மறந்தனர் போலும்!

ஆனால் அதே வள்ளுவர் 55-ஆம் குறளில், கணவனையே தொழுதெழும் மனைவி ஆணையிட்டால் மழை பொழியும் என்கிறாரே! வேண்டும்போது வரும் மழை போன்றவள் அவள் என்று உவமையாக்கி அவரைக் காப்போர் உளர். அன்பினால் போட்ட ஒட்டு அது. கணவனைத் தொழுவது மட்டும் அப்படியே நிற்கிறது. மன்னன் முறை தவறினாலும் மழை பொய்க்கும் என்று பிறிதோரிடத்தில் பாடினார். அறிவியல் அன்றெனினும், அதிலாவது ஆள்வோர்க்கு ஓர் எச்சரிக்கை உண்டு. இங்கோ, ஏரிக்கரையில் குடத்தோடு நிற்பவளன்றோ பிணையாக்கப்படுகிறாள்? பெய்தால் அவள் கற்பு, பெய்யாவிட்டால்?

18-ஐ வகுப்பில் மகிழ்ந்து நடத்துவோம். 55-ஐயும் நடத்துவோம், இந்தக் கேள்வியோடு.