கையில் பூசிய கறுப்பு

ரான் ஹோவர்ட் இயக்கிய 'சின்ட்ரெல்லா மேன்' (2005) என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஷூ பாலிஷ்தான். பொருளாதாரப் பெருமந்தக் காலம். குத்துச்சண்டை வீரர் ஜேம்ஸ் பிராடக்கின் வலது கை ஒடிந்திருக்கிறது. மாவுக்கட்டு தெரிந்தால் துறைமுகத்தில் கூலிவேலை கிடைக்காது. மனைவி மே அந்த வெள்ளைக் கட்டுக்குக் கறுப்புப் பூசிவிடுகிறாள்.

பிராடக் 1935 ஜூன் 13 அன்று, 15 சுற்றுகள் ஆடி, மேக்ஸ் பேயரை வென்று ஹெவிவெயிட் பட்டம் பெற்றது ஊரறிந்த செய்தி. முடிவு தெரிந்தும் நெஞ்சு படபடக்கிறதே, அதுதான் இந்தப் படத்தின் வெற்றி. அவர் பிள்ளைகளின் பாலுக்காக அடி வாங்குகிறார் என்பதை நாம் அதற்குள் பார்த்துவிட்டோம். மின்சாரம் துண்டிக்கப்பட்ட பிறகு, பழைய குத்துச்சண்டைப் பெரிய மனிதர்கள் முன்னால் தொப்பியை நீட்டி நிற்கிறார் பிராடக்காக வரும் ரஸ்ஸல் குரோ. குரல் உடைகிறது, கண்ணை மட்டும் தாழ்த்த மாட்டேன் என்கிறார். குறைந்த தொகையை மேலாளர் ஜோ கோல்ட் போட்டு நிரப்புகிறார். கோல்டாக வரும் பால் ஜியாமட்டி அப்போது பார்க்கும் ஒரு பார்வையிலேயே வாழ்ந்திருக்கிறார்.

மூட்டை தூக்கியே பிராடக்கின் இடது கை உரமேறியது, வாங்கிய அரசு நிவாரணத்தைப் பிறகு திருப்பிக் கட்டியது எல்லாம் நிஜம்.

பேயரைக் கொடூரனாகக் காட்டியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தன்னோடு மோதி இறந்த ஃபிராங்கி கேம்ப்பெல்லின் நினைவு அந்த மனிதரை வெகுகாலம் வாட்டியது. அந்தத் துயரத்தோடு அவரை மேடையேற்றியிருந்தால் கடைசிச் சண்டை இன்னும் கனத்திருக்கும்.